பழைய வண்டிக்குப் புது ஷாக்: எதைப் பார்த்து வாங்குவது?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் எதிரே, செங்கம் சாலையோரம் நிற்கும் வண்டிகளில் வயதானவையும் உண்டு. 2005-இல் இன்னோவாவுக்கு இடம்விட்டு விலகிய டொயோட்டா குவாலிஸ், 1994-இல் வந்து 2019-இல் உற்பத்தி நின்ற டாடா சுமோ, பழைய பொலிரோ, முதல் தலைமுறை ஸ்கார்ப்பியோ என்று இவற்றை இன்னும் குடும்ப வண்டியாக ஓட்டுகிறார்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனைக்கு உட்பட்டு, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். எஞ்சின் நன்றாக இருக்கும் வண்டியை யாரும் எளிதில் விடுவதில்லை.

இப்படிப் புதுப்பிக்கும் சமயத்தில்தான் பல வீடுகளுக்கு அந்தச் செய்தி வருகிறது: “அண்ணே, ஷாக் நாலும் போயிடுச்சு.” உதிரிபாகக் கடைக்குப் போனால் அடுத்தடுத்துக் கேள்விகள். ஆயில் ஷாக்கா, கேஸ் ஷாக்கா? கம்பெனி சரக்கா, வெளிச்சரக்கா? சாதாரணமா, ஹெவி டியூட்டியா? விலை அதிகமானது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிடுவது சுலபம். அதற்கு முன் இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பாதிக் கேள்விகளுக்குக் கடைக்காரரைக் கேட்காமலே விடை கிடைக்கும்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் அல்ல, ஸ்பிரிங். அது மூன்று வடிவங்களில் வரும். கம்பியைச் சுருட்டிச் செய்தது காயில் ஸ்பிரிங். இன்னோவாவில் முன்னும் பின்னும் அதுதான். வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது பட்டை ஸ்பிரிங். சுமோ, பொலிரோ, குவாலிஸ் மூன்றுக்கும் பின்பக்கம் அது இருக்கிறது. மூன்றாவது டார்ஷன் பார், அதாவது முறுக்கப்படும்போது எதிர்க்கும் நீளமான எஃகுக் கம்பி. குவாலிஸின் முன்பக்கம் இந்த வகை. வடிவம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த விசையை வாங்கிக்கொள்கிறது.

ஆனால் ஸ்பிரிங் வாங்கியதை வைத்துக்கொள்வதில்லை, திருப்பித் தருகிறது. அமுங்கியது விரியும், விரிந்தது மீண்டும் அமுங்கும். தடுக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு மேட்டைக் கடந்த வண்டி வெகுதூரம் ஆடிக்கொண்டே போகும். இந்த ஆட்டம் இரண்டு விதமாக நடக்கிறது. வண்டியின் உடல் மெதுவாக, நொடிக்கு ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றரை முறை ஆடும். சக்கரமும் அச்சும் சேர்ந்து வேகமாக, நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துடிக்கும். முதலாவது உள்ளே இருப்பவருக்குக் குமட்டலாகத் தெரியும். இரண்டாவது பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆனால் ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம். துடிக்கும் சக்கரம் கணத்துக்குக் கணம் சாலையைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

ரமணாசிரமப் பகுதியில் இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. ஆசிரமத்தின் முன்னால் போகும் செங்கம் சாலைதான் அந்த இடத்தில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையாகவும் இருக்கிறது. பௌர்ணமி மட்டுமல்ல, எல்லா நாளும் சாலையோரமாக வெறுங்காலோடு நடப்பவர்கள் உண்டு. அதே சாலையில் கிருஷ்ணகிரி, பெங்களூர் போகும் வண்டிகளும் ஓடுகின்றன. இங்கே ஓட்டுநர் எதிர்பாராமல் பிரேக்கை மிதிக்க வேண்டிய தருணம் அடிக்கடி வரும்.

ஷாக் அப்சார்பர் அந்த இரண்டு ஆட்டங்களையும் அடக்கும் கருவி. உள்ளே ஒரு குழாய், குழாய் நிறைய எண்ணெய், எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகும் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகளும், அவற்றை மூடித் திறக்கும் மெல்லிய எஃகு வில்லைகளும் இருக்கின்றன. இவற்றுக்கு வால்வு என்று பெயர். சக்கரம் அசைந்தால் பிஸ்டன் அசையும். பிஸ்டன் அசைய வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போக வேண்டும். அந்த நெருக்கடியில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி, குழாயின் சுவர் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடிவந்த வண்டியின் ஷாக்கைத் தொட்டால் சுடுவது இதனால்தான். சுடாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஊசி மருந்துக் குழலை மெதுவாக அழுத்தினால் மருந்து சுலபமாக வெளியேறும், வேகமாக அழுத்தினால் கட்டைவிரலை எதிர்க்கும். ஷாக்கும் அப்படித்தான். அதன் எதிர்ப்பு வண்டியின் எடையைப் பொறுத்தது அல்ல, பிஸ்டன் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைப் பொறுத்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பிஸ்டன் அசைவதில்லை, எனவே ஷாக் தாங்கும் எடை ஏறக்குறைய ஒன்றுமில்லை. பின்பக்கம் தொங்கிப்போன பொலிரோவுக்குப் புது ஷாக் போட்டும் தூக்கவில்லையே என்று வருத்தப்படுவதில் பொருள் இல்லை. தொங்கியது பட்டை. அதற்குப் பட்டை வேலை செய்யும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பிஸ்டனின் வேகம் வேறு, வண்டியின் வேகம் வேறு. இந்திய சாலைப் பேரவையின் அளவுப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டரில் வசதியாகக் கடக்கும்படி வகுக்கப்பட்டது. அத்தகைய நீண்ட மேட்டில் பிஸ்டன் நெடுந்தூரம் நகரும், ஆனால் நிதானமாக. நம் தெருக்களில் அவரவர் கொட்டிவைத்திருக்கும் குறுகிய, செங்குத்தான தடையிலோ, ஓரம் உடைந்த பள்ளத்திலோ அது சிறிது தூரமே போகும், ஆனால் படுவேகமாக. நல்ல ஷாக்கின் வால்வு இரண்டையும் வேறுவேறாக நடத்துகிறது. மெதுவான அசைவில் சிறு துளை மட்டும் திறந்திருக்க, உடலின் ஆட்டம் அடங்கும். திடீர் அடியில் வில்லைகள் வளைந்து பெரிய வழியைத் திறந்துவிட, அடி உள்ளே வராது. தரமான பொருளுக்கும் மட்டமான பொருளுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த வில்லைகளில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புக் குழாய்தான்.

இன்னொரு நுணுக்கம்: ஷாக் அமுங்கும்போது குறைவாகவும், விரியும்போது அதிகமாகவும் எதிர்க்கும்படிதான் பொதுவாக அமைக்கிறார்கள். அமுங்குவதை அதிகம் எதிர்த்தால் மேட்டின் அடி அப்படியே உடலுக்கு ஏறும். விரிவதைக் குறைவாக எதிர்த்தால் அமுங்கிய ஸ்பிரிங் வண்டியை மேலே தூக்கி எறியும். எனவே ஒவ்வொரு ஷாக்கும் ஒரு குறிப்பிட்ட ஸ்பிரிங்கின் வலிமைக்கும், ஒரு குறிப்பிட்ட எடைக்கும் பொருத்தி வடிவமைக்கப்படுகிறது. தேர்வு செய்யும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான். பிராண்டும் விலையும் அதற்குப் பிறகு.

இனி ஆயிலா, கேஸா என்ற கேள்வி. கேஸ் ஷாக் என்றால் எண்ணெய் இல்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டிலும் எண்ணெய் உண்டு. குடும்ப வண்டிகளில் அதிகம் காணப்படுவது இரட்டைக்குழாய் வகை. உட்குழாயில் பிஸ்டன் வேலை செய்யும், வெளிக்குழாய் மிச்ச எண்ணெயைச் சேமிக்கும், இரண்டுக்கும் நடுவே அடியில் இன்னொரு வால்வு இருக்கும். பிஸ்டனின் தண்டு உள்ளே வரும்போது அது பிடிக்கும் இடத்து எண்ணெய் வெளிக்குழாய்க்குப் போகும். வெளிக்குழாயின் மேற்பகுதியில் எண்ணெய் இல்லாத இடம் இருக்க வேண்டியதும் இதற்காகவே. ஆயில் ஷாக்கில் அங்கே சாதாரணக் காற்று இருக்கும். மோசமான சாலையில் வெகுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி இளகும், காற்று அதில் கலந்து நுரைக்கும். நுரை துளைகளில் சுலபமாகப் புகுந்துவிடுவதால் எதிர்ப்பு குறைகிறது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் போய்த் திரும்பும் வழியில், காலையில் ஒழுங்காக இருந்த வண்டி மாலையில் ஆடத் தொடங்கினால், காரணம் இதுவாக இருக்கலாம். ஆறியதும் பழையபடி ஆகிவிடும்.

கேஸ் ஷாக்கில் அந்த இடத்தில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். அழுத்தம் இருப்பதால் எண்ணெய் நுரைப்பது குறைகிறது. வாயுவின் வேலை அவ்வளவுதான். அது வண்டியைத் தூக்காது, மெத்தை போல் ஆக்கவும் செய்யாது. இன்னொரு வகை ஒற்றைக்குழாய் ஷாக். பிரான்ஸைச் சேர்ந்த தெ கார்போன் உருவாக்கிய முறை அது. எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் தடுப்பால் பிரித்துவிடுவதால் நுரைக்க வழியே இல்லை. 1957-இல் பில்ஸ்டைன் நிறுவனம் மெர்சிடிஸ் கார்களுக்காக இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. வெப்பமும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் விலை அதிகம். ஒரே குழாய் என்பதால் கல் பட்டு நெளிந்தால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். நம் குடும்ப வண்டிக்கு இது அவசியத் தேவை அல்ல.

வாங்கும் முன் பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். குழாயின் மேல்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் இருப்பது இயல்பு. தண்டு அசையும்போது சீல் வழியே சிறிது கசிவது எதிர்பார்க்கத் தக்கதே. எண்ணெய் வழிந்து அடிவரை ஈரமாக இருந்தால்தான் ஷாக் முடிந்தது என்று பொருள். ஒரு மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை சிறு கார்களில் ஓரளவு பயன்படும். சுமோ போன்ற கனத்த வண்டியை ஒரு மனிதர் அழுத்திவிட முடியாது. பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் இன்னொரு மறைவும் இருக்கிறது. தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். அதனால் பின் ஷாக் செத்துப்போய் நெடுநாள் ஆகியும் உரிமையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். காயில் ஸ்பிரிங்குக்கு அந்த உரசல் உதவி கிடையாது, ஷாக் தளர்ந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நம்பகமான அடையாளம் டயரில் இருக்கிறது. உள்ளங்கையை டயரின் மேல் வைத்துச் சுற்றிலும் தடவினால், இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் குழிகள் தட்டுப்படும். சக்கரம் துடித்துத் துடித்து ஓடியதன் தடம் அது. பிரேக் போடும்போது மூக்கு அளவுக்கு மீறி இறங்குவதும், நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பைக் கடந்த பிறகு இரண்டு மூன்று முறை ஆடுவதும் மற்ற அடையாளங்கள். ‘தட தட’ என்று வரும் சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பத்தாண்டு கடந்த வண்டியில் அந்தச் சத்தம் பல சமயம் ஷாக்கிலிருந்து அல்ல, புஷ் எனப்படும் ரப்பர் வளையங்களிலிருந்து வருகிறது. அவற்றின் விலை ஷாக்கின் விலையில் ஒரு சிறு பங்கு. பொதுவாக 80,000 கிலோமீட்டர் தாண்டினால் ஷாக்கைச் சோதிக்கச் சொல்வார்கள். சோதித்து, தேவையானால் மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல் பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண்ணையும் ஆண்டையும் கையில் எடுத்துப் போவது நல்லது. ஒரே பெயரில் வேறுவேறு வண்டிகள் உண்டு. ஸ்கார்ப்பியோவின் அடிச்சட்டமே 2014-இல் மாறியது. அதற்கு முந்தையதற்கான ஷாக் பிந்தையதற்கு ஆகாது. ஷாக்கின் நீளமும் முக்கியம். முழுதாக விரிந்த நீளம் குறைவாக இருந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக்கே இழுத்துப் பிடிக்கும் கயிறாகிவிடும். மூடிய நீளம் அதிகமாக இருந்தால் பெரிய மேட்டில் பிஸ்டன் அடித்தளத்தை முட்டி உடைக்கும். ஸ்பிரிங் தொங்கியிருந்தால் சரியான ஷாக்குக்கும் இதே கதிதான், அமுங்குவதற்கு இருந்த இடம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டிருக்கும். எனவே முதலில் ஸ்பிரிங்கைச் சரி செய்து, அதற்குப் பிறகு ஷாக்கை மாற்றுவதே முறை.

வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒரு வகை. கேப்ரியல், மன்ரோ போன்ற ஷாக் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரிலேயே கடைகளில் விற்பது இன்னொன்று. ஷாக் நிறுவனங்கள் வண்டி நிறுவனங்களுக்கும் செய்து தருகின்றன. கேப்ரியலின் ஆலைகளில் ஒன்று நமக்குப் பக்கத்தில் ஓசூரிலேயே இருக்கிறது. அதனால் ‘வெளிச்சரக்கு’ என்றாலே மட்டம் என்று தள்ள வேண்டியதில்லை. போலிச் சரக்கை மட்டும் தவிர்க்க வேண்டும். அதற்கு ரசீது தரும் கடையில் வாங்குவதைவிட எளிய வழி இல்லை. மூன்றாவது ஒன்றும் உண்டு: பழைய ஷாக்கை அறுத்து, சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி, பற்றவைத்துத் தருவது. எண்ணெய் புதிதாகும். தேய்ந்த வால்வும், கோடு விழுந்த தண்டும் அப்படியே இருக்கும். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹெவி டியூட்டி விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். வண்டியில் ஆள் ஏற ஏற ஆட்டத்தை அடக்க அதிக எதிர்ப்பு தேவைப்படுகிறது என்பது உண்மை. எட்டுப் பேரும் கூரையில் மூட்டையுமாக நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இறுக்கமான ஷாக் நியாயமே. ஆனால் ஒரு குடும்ப வண்டியில் பெரும்பாலான நாள் இருப்பது இரண்டு பேர் அல்லது மூன்று பேர். சொந்தங்கள் எல்லாரும் ஏறுவது கார்த்திகை தீபத்துக்கோ கல்யாணத்துக்கோ. அந்தச் சில நாளுக்காக இறுக்கமான ஷாக்கைப் போட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் வேகத்தடைக்கு வேகத்தடை முதுகெலும்பால் விலை கொடுக்க வேண்டிவரும். வண்டியின் பழைய உடலும் அதே அடியை வாங்கும்.

எப்போதும் ஜோடியாக மாற்ற வேண்டும், முன் இரண்டு அல்லது பின் இரண்டு. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக்கிலும் திருப்பத்திலும் வண்டி சமமாக நடந்துகொள்ளாது. கூடவே புஷ், தூசி உறை, அடி முட்டாமல் தடுக்கும் ரப்பர் ஸ்டாப்பர் ஆகியவற்றையும் மாற்றிவிட வேண்டும். பழைய வண்டியில் ஸ்டாப்பர் நொறுங்கி மாயமாகி இருப்பது சகஜம். அது இல்லாத இடத்தில் புது ஷாக் நெடுநாள் உழைக்காது.

பொருத்தும் இடத்திலும் மூன்று சங்கதிகள் கவனத்தில் இருக்கட்டும். இரட்டைக்குழாய் ஷாக் கடையில் படுத்துக்கிடந்திருக்கும், உட்குழாயில் காற்று புகுந்திருக்கும். அதை நேராக நிறுத்திச் சில முறை மெதுவாக இழுத்து அமுக்கிய பிறகே மாட்ட வேண்டும். பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்து நட்டை முடுக்கக் கூடாது. அந்தக் கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும், புது ஷாக் சில மாதத்திலேயே ஒழுகும். கீழ்ப் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்குவது வண்டி சக்கரத்தில் நிற்கும்போது நடக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் நிலையில் முடுக்கினால், இறக்கியதும் புஷ் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். இதெல்லாம் நல்ல மெக்கானிக்குத் தெரிந்ததே. அருகில் நின்று பார்ப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு, இந்தப் பகுதிக் குடும்ப வண்டிக்கு என் எண்ணம் இதுதான். பெரும்பாலும் ஊருக்குள்ளும், மாதத்துக்கு ஓரிரு முறை செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்கும் போகும் பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு, நிறுவன அளவில் உள்ள சாதாரண ஷாக் போதும். அதே அளவில் குறைந்த அழுத்தக் கேஸ் வகை கிடைத்து, விலை வித்தியாசம் சிறிதானால் அதையே வாங்கலாம். மிச்சமாகும் பணம் பட்டைக்கும் புஷ்ஷுக்கும் போகட்டும். காயில் ஸ்பிரிங் வண்டிக்கு, அதுவும் ஆட்களோடு நெடுந்தூரம் ஓடுமானால், கேஸ் வகைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் அல்ல. இன்னும் ஒன்றிரண்டு ஆண்டில் கழித்துவிடப்போகும் வண்டி என்றால் நாலையும் மாற்ற வேண்டியதில்லை. ஒழுகும் ஜோடியை மட்டும் மாற்றி ஓட்டலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் ஷாக் மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டி, துருவும் விரிசலும் இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். அங்கே வெல்டிங் தேவைப்பட்டால் அந்த வேலை முடிந்த பிறகு ஷாக் வாங்கிக்கொள்ளலாம்.